காணாமல் போன புகை

"என் புகையக் காணோம்ங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, மாயாண்டி நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஸ்டானிஸ்லாஸ் குறிப்புப் புத்தகத்தில் 'புகை' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான். ஈப்போவில் கோப்பிக்கடை மாடியில் இருந்த அந்தத் துப்பறியும் ஆபீசுக்கு அவன் உதவியாளனாக வந்து நான்கு வருடம் ஆகிறது. காணாமல் போன நாயைத் தேடியிருக்கிறான், மாப்பிள்ளையைத் தேடியிருக்கிறான், ஒருமுறை கல்யாண மண்டபத்தில் தவிலைக்கூடத் தேடினான். புகையைத் தேடச் சொல்லி இன்றுவரை ஒருவரும் படியேறி வந்ததில்லை.

"காத்து எந்தப் பக்கம் அடிச்சிச்சு? அந்தப் பக்கமா போய்ப் பாக்கலாம்லா அண்ணே."

"ஸ்டானி, வாயை மூடு" என்றார் உடையப்பன். குரலில் கோபம் இல்லை. கோபப்படுவதற்கு அவர் உடம்பு இடம் கொடுக்காது. இருபது வருடம் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து, ரப்பர்ப் பாலில் தண்ணீர் கலந்தவர்களை வாளியைப் பார்த்தே பிடித்தவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது வேலை போயிற்று, மூக்கு மட்டும் மிஞ்சியது. அந்த மூக்கை வைத்துத்தான் இந்த ஆபீஸ் ஓடுகிறது. "நீங்க முழுசா சொல்லுங்க மாயாண்டி."

மாயாண்டி சொன்னார். ஊர் சுங்கை சிப்புட். பழைய தோட்டத்து லய வீடுகளிலிருந்து இருபத்திரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வேனில் ஏற்றிப் போவதுதான் பிழைப்பு. வேனுக்கு வயது இருபத்திரண்டு. அது விடுகிற புகையைப் பார்த்துத்தான் தோட்டத்துப் பெண்கள் காயப்போட்ட துணியை எடுப்பார்கள். இந்த நிலையில், ஏழைகளின் வண்டிகள் ஊரைப் புகைக்காடாக ஆக்குவதைத் தடுக்க அரசாங்கம் ஓர் உதவித் திட்டம் கொண்டுவந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை பாடாங் திடலில் சோதனை. ஒவ்வொரு வண்டியின் புகைக்குழாயிலும் வெள்ளைத் துணி பிடிப்பார்கள். துணி அதிகமாகக் கறுக்கிற முதல் மூன்று பேருக்குப் பழைய வண்டியை வாங்கிக்கொண்டு நல்ல வண்டி கொடுப்பார்கள். மற்றவர்களுக்கு ரிப்பேர் செலவு மட்டும்.

"ஊரே சொல்லிச்சு, மாயாண்டிக்குத்தான் மொத துணின்னு. எங்கப்பா செத்து ஆறு மாசம் ஆச்சு. சுங்காய் பட்டணத்துல அக்கா வீட்டுல திதி கொடுக்க மூணு நாள் பஸ்ல போயிட்டோம். பழைய புகைக்கூடத்துலதான் வண்டிய விட்டுட்டுப் போனேன். நேத்து வந்து ஸ்டார்ட் பண்ணினா..." அவர் துண்டை முறுக்கினார். "பொட்டுப் புகை இல்ல ஐயா. கோழிகூட ஓடல."

"எவனோ ரிப்பேர் பண்ணிட்டானா?" என்று கேட்ட ஸ்டானிஸ்லாசுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது. "அண்ணே, இதுக்குப் போலீஸ் எழுதினா என்ன எழுதுவான்? வண்டிய நல்லாக்கிட்டு ஓடிட்டான்னா?"

"நீ சிரிலா தம்பி. நாளைக்குத் துணி வெள்ளையா நின்னா எனக்கு ஒண்ணும் கெடைக்காது. எஞ்சின் நல்லா இருந்து என்ன செய்ய? வண்டி பாடி முழுக்கத் துரு. வருசக் கடைசியில பரிசோதனையில தூக்கிப் போட்டுருவான். பெர்மிட் போச்சுன்னா நான் என்ன தொழில் செய்வேன்?"

அவருடன் வந்திருந்தவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். கார்த்திகேசு, மாயாண்டியின் மனைவி மாரியம்மாவின் அண்ணன். சுங்கை சிப்புட்டில் வேனில் மீன் விற்பவர். மடியில் இரண்டு காலி மீன் கூடைகள். ஆபீஸ் முழுக்க மீன் வாடை வந்துகொண்டிருந்தது.

"நான் சொல்லுறேன் ஐயா யாரு செஞ்சான்னு. இவரு சித்தப்பா மகன் சதாசிவம். தேங்கா விக்கிறவன். அவன் வண்டியும் நல்லாப் புகைக்கும். மச்சான் போட்டியில இல்லன்னா மூணாவது அவன்தான். பெரியவரு பதினாறாம் நாள் காரியத்தன்னைக்கு ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. அன்னையிலேருந்து பேச்சு இல்ல."

உடையப்பன் தலையாட்டிவிட்டு எழுந்தார். "வண்டியைப் பாப்போம்."

கோப்பிக்கடை வாசலில் நீல வேன் சாதுவாக நின்றது. பாதித் தகடு துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. சாவித் துவாரத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் செருகியிருந்தது. அதுதான் சாவி என்றார் மாயாண்டி. ஸ்டானிஸ்லாஸ் முன்மூடியைத் தூக்கினான்.

"ஆகா. சந்தனம், குங்குமம், விபூதி. எங்க வீட்டுல நாங்க மாதா படத்துக்குக்கூட இவ்வளவு அலங்காரம் பண்ணினதில்ல. எஞ்சினுக்கே கல்யாணக் களை வந்திருச்சு பாஸ்."

உடையப்பன் குனிந்து பார்த்தார். காய்ந்த சந்தனத்தின் மேல் குங்குமப் பொட்டு பளிச்சென்று இருந்தது. ஆயுத பூஜை முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. எஞ்சினைத் தாங்கிப் பிடித்த திருகுகளின் தலையில் ஸ்பேனர் பட்ட புதுக் கீறல்கள் மின்னின. அவர் நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாலில் தண்ணீர் இருப்பது தெரிந்துவிட்டால் அவர் முகம் இப்படித்தான் ஆகும் என்று ஸ்டானிஸ்லாசுக்குத் தெரியும். எது தண்ணீர் என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை.

"ஏண்ணே, மீன் வாங்கத்தானே ஈப்போவுக்கு வந்தீங்க?" என்று கார்த்திகேசுவைக் கேட்டார் உடையப்பன்.

"ஆமாங்க. பாசார்ல வேலை இருந்துச்சு. அப்படியே மச்சானுக்குத் துணையா..."

"நல்ல மனசு."

நால்வரும் வேனில் ஏறிப் புறப்பட்டார்கள். ஸ்டானிஸ்லாஸ் பின்னால் உட்கார்ந்து காலை நீட்டினான். இரண்டு செருப்புக்கும் நடுவில் ரோடு ஓடிக்கொண்டிருந்தது. கோடு, குழி, செத்துக் கிடந்த ஒரு தவளை எல்லாம் தரையிலிருந்த ஓட்டை வழியாகத் தெரிந்தன.

"மாயாண்டி அண்ணே, பிள்ளைங்க இந்த ஓட்டையில விழாதா?"

"பெரிய பிள்ளைங்கள ஓட்டை பக்கம் உக்கார வைப்பேன். பலகை போட்டேன், பலகையும் விழுந்துருச்சு."

அதன்பிறகு ஸ்டானிஸ்லாசுக்கு வேடிக்கை பேசத் தோன்றவில்லை. சுங்கை சிப்புட் வரும்வரை காலை மடக்கியே வைத்திருந்தான்.

பழைய புகைக்கூடம் லயங்களுக்குப் பின்னால் இருந்தது. ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் காயவைத்த காலம் போய், இப்போது ஆடுகளும் மாயாண்டியின் வேனும் ஒதுங்கும் இடம். உடையப்பன் உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார். கறுத்துப் போன பெரிய உத்தரத்தில் ஓர் இடம் மட்டும் வெளுத்திருந்தது. சங்கிலி உராய்ந்து மரத்தை வழித்திருந்தது.

"இங்க கனமா எதையோ கட்டித் தூக்கியிருக்கான்" என்றார்.

"செயின் பிளாக்!" என்று கூவினார் கார்த்திகேசு. "நான் சொன்னேன்ல? இந்தச் சுத்து வட்டாரத்துல செயின் பிளாக் வச்சிருக்கறது ஒரே ஆளு. சதாசிவம்!"

மாயாண்டியின் கழுத்து நரம்பு புடைத்தது. "வாங்க. இன்னைக்கு அவன ரெண்டுல ஒண்ணு பாக்காம விடமாட்டேன்."

"அப்ப எஞ்சினைத் தூக்கி ரிப்பேர் பண்ணியிருக்கான்" என்று ஸ்டானிஸ்லாஸ் எழுதிக்கொண்டான்.

"ரிப்பேர்னு யாரு சொன்னா?" என்றார் உடையப்பன். "முப்பது நாள் வேலையை மூணு நாளில எந்த மடையன் செய்வான்? ஸ்டானி, தோட்டத்துல ஒருத்தன் வாளியில திடீர்னு நல்ல பால் இருந்தா நான் என்ன நினைப்பேன் தெரியுமா? பக்கத்து ஆளு வாளியத் தூக்கிட்டான்னு நினைப்பேன்."

ஸ்டானிஸ்லாஸ் பென்சிலை நிறுத்தினான். "பாஸ்! நல்ல எஞ்சினை வச்சிட்டு ஓட்டை எஞ்சினை எடுத்துட்டுப் போயிட்டானா? இந்த மாதிரி திருடன் நம்ம வீட்டுக்கு ஏன் வர மாட்டேங்குறான்?"

"ஓட்டை எஞ்சினுக்குத்தான் நாளைக்கு மதிப்பு. அதே எஞ்சின் பொருந்தணும்னா அதே மாதிரி வண்டி வேணும். ஊர்ல இந்த மாதிரி வேன் எத்தனை?"

"மூணு" என்றார் மாயாண்டி. "தோட்டத்தை வித்தப்போ கம்பெனிக்காரன் மூணு வேனையும் மலிவா தள்ளிவிட்டான். எனக்கு ஒண்ணு, சதாசிவத்துக்கு ஒண்ணு, மச்சானுக்கு ஒண்ணு."

"மச்சான் வண்டி புகைக்காதா?"

"என் வண்டி தங்கம் மாதிரிங்க" என்றார் கார்த்திகேசு அவசரமாக.

சதாசிவம் வீட்டு வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். மாயாண்டியைவிட நாலைந்து வயது சின்னவர். ஆட்களைப் பார்த்ததும் எழுந்தாரே ஒழிய, மாயாண்டியைப் பார்க்கவில்லை. மாயாண்டியும் வேலியோடு நின்றுவிட்டார். இருவரும் ஆறு மாதமாக ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதில் நல்ல பயிற்சி பெற்றிருந்தார்கள்.

"உங்க வண்டி எஞ்சினைக் கொஞ்சம் பாக்கணும்" என்றார் உடையப்பன்.

"பாருங்க. யாரு வேணாம்னா?"

ஸ்டானிஸ்லாஸ் மூடியைத் தூக்கினான். எண்ணெய்ப் பிசுக்கு, தூசி, ஓரத்தில் ஒரு பல்லி முட்டை. சந்தனமும் இல்லை, குங்குமமும் இல்லை.

"ஆயுத பூஜை கும்பிடலையா சதாசிவம்?"

சதாசிவம் அரிவாளைக் கீழே வைத்தார். "பெரியப்பா செத்த வருசத்துல எப்படிங்க பூஜை போடுறது? பங்காளி வீடு. ஒரு வருசத்துக்கு எங்களுக்கு நல்ல நாள் பெரிய நாள் கெடையாது. தீவாளியும் இல்ல."

வேலி ஓரத்தில் மாயாண்டி சட்டென்று தலையைத் தூக்கினார். சண்டைக்குப் பிறகும் சதாசிவம் தன் அப்பாவுக்குத் துக்கம் காத்துக்கொண்டிருப்பார் என்று அவர் நினைத்திருக்கவில்லை. அவர் முகத்தில் வெட்கம் அப்பட்டமாகத் தெரிந்தது.

"மாயாண்டி, நீங்க பூஜை போட்டீங்களா?"

"அது எப்படிங்க? அப்பா செத்த வீட்டுல..." மாயாண்டியின் வாய் அப்படியே நின்றது. அவர் தன் நீல வேனைப் பார்த்தார்.

"உங்க வண்டியில சந்தனமும் குங்குமமும் இருக்கு" என்றார் உடையப்பன். "நேத்திலேருந்து நீங்களும் பாத்திருக்கீங்க. பிறந்ததிலேருந்து எஞ்சின்ல பொட்டைப் பாத்துப் பாத்துப் பழகின கண்ணு, அதனால தெரியல. பொட்டு வச்சவன் துக்கம் இல்லாத வீட்டுக்காரன். மூணு வேன்ல ரெண்டு பங்காளி வேன். மாமன் மச்சானுக்குத் துக்கம் ஒரு வருசம் கெடையாது."

எல்லோரும் கார்த்திகேசுவைப் பார்த்தார்கள். கார்த்திகேசு மீன் கூடையைப் பார்த்தார்.

"காலையிலேயே எனக்கு ஒரு சந்தேகம். மீன் வாங்கப் போற ஆளு சொந்த வேன் இல்லாம, கூடையை மடியில வச்சிக்கிட்டு மச்சான் வண்டியில வாராரு. தங்கம் மாதிரி வண்டிய வீட்டுல ஏன் விடணும்?"

"அது... ரெஸ்ட் கொடுத்தேங்க. செயின் பிளாக் இவன்கிட்டதானே இருக்கு!"

"என்கிட்டதான் இருந்துச்சு" என்றார் சதாசிவம் அமைதியாக. "திங்கக்கிழமை நீங்கதானே வந்து வாங்கிட்டுப் போனீங்க, தண்ணித் தொட்டி தூக்கணும்னு. நேத்துத்தானே கொண்டாந்து கொடுத்தீங்க."

"இதை ஏன்யா முதல்லயே சொல்லல?" என்று கத்தினான் ஸ்டானிஸ்லாஸ்.

"கேட்டா சொல்லியிருப்பேன். யாரு கேட்டா?"

கார்த்திகேசுவின் வீடு நான்கு வீடு தள்ளி. கொல்லையில் அவர் வேன் தார்ப்பாய்க்குள் ஒளிந்திருந்தது. பேட்டரி வீக், சாவியைக் காணோம், பெட்ரோல் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். ஸ்டானிஸ்லாஸ் மாயாண்டியின் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து செருகித் திருகினான்.

வேன் இருமியது. பிறகு கொல்லை முழுவதும் கருநீலப் புகை எழும்பி வாழை மரங்களை மறைத்தது. கோழிகள் வேலியைத் தாண்டி ஓடின. நாலு வீட்டில் பெண்கள் "மாயாண்டி வண்டி!" என்று கூவிக்கொண்டே துணி எடுக்க ஓடிவந்தார்கள்.

"என் புகை!" என்று மாயாண்டி இருமிக்கொண்டே அலறினார். "ஐயா, இது என் புகைதாங்க!"

பெண்களில் மாரியம்மாவும் இருந்தார். விஷயம் புரிய அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"போட்டிக்கு மீன் விக்கிறவன் புது வேன் வாங்கிட்டான் தங்கச்சி. ஒரு ஆசைலா..." என்று ஆரம்பித்தார் கார்த்திகேசு. அவரை மாரியம்மா முழுதாக முடிக்கவிடவில்லை. அவர் அண்ணனைப் பேசிய பேச்சில் பாதியைத்தான் ஸ்டானிஸ்லாஸ் குறித்துக்கொண்டான். மீதி எழுதக்கூடியதாக இல்லை. போலீசுக்குப் போவதா என்று உடையப்பன் கேட்டபோது, மாரியம்மா மூச்சு வாங்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். இன்று இருட்டுவதற்குள் எஞ்சின் இரண்டும் இடம் மாற வேண்டும். அரசாங்க வேன் கைக்கு வரும்வரை இருபத்திரண்டு பிள்ளைகளும் மீன் வேனில்தான் பள்ளிக்கூடம் போகும். அண்ணன் பஸ்ஸில் போய் மீன் வாங்கட்டும்.

செயின் பிளாக்கைக் கேட்க மாயாண்டிக்கு வாய் வரவில்லை. உடையப்பன்தான் போய்க் கேட்டார். சதாசிவம் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். புகைக்கூடத்தில் சாயங்காலம்வரை அவரும் கார்த்திகேசுவும் சங்கிலி இழுத்தார்கள். மாயாண்டி ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். பாவம், இந்தப் புகை திரும்பினால் தன் மூன்றாவது இடம் போய்விடும் என்பது சதாசிவத்துக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று ஸ்டானிஸ்லாஸ் நினைத்தான்.

மறுநாள் காலை பாடாங்கில் பதினேழு வண்டிகள் நின்றன. எல்லாம் ஸ்டார்ட் ஆனதும் திருவிழாக் கடைத்தெருவின் வாசனை கிளம்பியது. புகை கூட வரட்டும் என்று ஒருவன் தேங்காய் எண்ணெய் ஊற்றியிருந்தான், இன்னொருவன் வடை சுட்ட எண்ணெய். நெத்திலி பொரித்த வாடை வந்த மோட்டார் சைக்கிளை மலாய் அதிகாரி முகர்ந்து பார்த்துவிட்டு, உடனே ஓரம் கட்டினார். இப்படி ஏமாற்றியவர்கள் ஏழு பேர் வரிசையிலிருந்து கழன்றார்கள். ஒரு லாரிக்கும் சீன முதலாளி தவுக்கே ஒருவரின் பழைய காருக்கும் முதல் இரண்டு துணி. மாயாண்டியின் வேன் பின்னால் பிடித்த துணி சட்டிக்கரி ஆயிற்று. சதாசிவத்தின் துணி அதைவிடக் கொஞ்சம் வெளுப்பு.

அதிகாரி எழுதப் போனவர், பேனாவை நிறுத்தி மாயாண்டி வேனின் முன்மூடியைத் தூக்கச் சொன்னார். திருகுகளில் புதுக் கீறல் பளபளத்தது.

"இது நேற்றுத் திறந்த எஞ்சின்" என்றார் மலாயில். "யாருடைய எஞ்சினை வைத்திருக்கிறாய்?"

எஞ்சின் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் துருதான் இருந்தது. மாயாண்டிக்கு மலாயும் வரவில்லை, தமிழும் வரவில்லை. நடந்ததைச் சொன்னால் மச்சான் ஜெயிலுக்குப் போவான், சொல்லாவிட்டால் வேன் போகும். உடையப்பன் முன்னால் வந்து பேச வாயெடுத்தார். அதிகாரி கையைக் காட்டித் தடுத்துவிட்டார்.

"வெளியூர் ஆள் வேண்டாம். இந்த ஊரில் வண்டி வைத்திருக்கும் ஒருவர், இது இவனுடைய சொந்த எஞ்சின் என்று கையெழுத்துப் போடட்டும். இல்லையென்றால் அடுத்த வண்டி."

அடுத்த வண்டி சதாசிவத்துடையது. பாடாங்கில் ஒருவரும் அசையவில்லை. எண்ணெய் ஊற்றி மாட்டியவர்கள் தரையைப் பார்த்தார்கள். கார்த்திகேசுவின் தலையே தென்படவில்லை.

சதாசிவம் தன் வண்டியை விட்டு இறங்கி நடந்து வந்தார்.

"எங்க அண்ணன் எஞ்சின்தான் துவான். மூணு வருசமா என் வெள்ளைச் சட்டையெல்லாம் கறுப்பாக்கினது இதுதான். எனக்குத் தெரியாதா?"

"நீதானே நாலாவது?" அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கையெழுத்துப் போட்டால் உனக்கு ரிப்பேர் செலவு மட்டும்தான். புரிகிறதா?"

"நேத்தே புரிஞ்சது துவான். எஞ்சின் இழுக்குறப்பவே."

அவர் பேனாவை வாங்கி, நிதானமாகத் தன் பெயரை எழுதினார். அதிகாரி முத்திரை குத்தினார்.

மாயாண்டி சதாசிவத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறு மாதமாகச் சேர்த்துவைத்திருந்த வசவுகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"தினம் காலையில உன் மவ புத்தகப் பையோட ரோட்டோரமா நடந்து போவாடா. நான் நிறுத்த மாட்டேன். என் புகைய அவ மூஞ்சியில விட்டுட்டு, கண்ணாடியில பாத்துக்கிட்டே போவேன். ஆறு மாசமா."

"தெரியும்ணே. அவ சொல்லுவா."

"என்ன சொல்லுவா?"

"பெரியப்பா இன்னைக்கும் கண்ணாடியில என்னைப் பாத்தாருன்னு."

மாயாண்டி பாடாங் நடுவில், பதினேழு வண்டிக்காரர்களுக்கும் அரசாங்கத்துக்கும் முன்னால், வாய்விட்டு அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"திங்கக்கிழமை ஆறரைக்கு வாரேன். அவள வாசல்ல நிக்கச் சொல்லு. மீன் நாத்தம் அடிக்கும், கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு."